சிறிதாகும்போது மாறுவது என்ன? நனோ துணிக்கைகளும் பாதுகாப்பு ஆய்வும்

2021 ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது 'நனோ' என்ற சொல்லை எமது ஊரில் பலர் அறிந்திருக்கவில்லை. ஒக்டோபர் மாதம் இந்தியாவிலிருந்து விமானத்தில் திரவ நனோ நைதரசன் உரம் வந்திறங்கியதும் அச்சொல் பத்திரிகை, வானொலி, பஸ் தரிப்பிடம் என எங்கும் பேசப்பட்டது. மாத்தளைப் பக்கம் வயல் செய்யும் எனது மாமா கேட்டவை இரண்டே கேள்விகள்: "இது வேலை செய்யுமா? இதால ஏதும் கெடுதி வருமா?" நனோ தொழினுட்பத்தைப் பற்றி உலகெங்கும் நடக்கும் ஆய்வுகளெல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். முதலாவது கேள்விக்கு விடை தேடப் பணமும் ஆட்களும் எப்போதும் உண்டு. இரண்டாவது பின்தங்கியே வருகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாவதைப் பற்றியது.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர். எமது தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். செங்குருதிக் கலமொன்றின் விட்டம் சுமார் 7,000. கொரோனா வைரசு சுமார் 100. டீ.என்.ஏ. இழையின் அகலம் 2. பொதுவாக 1 முதல் 100 நனோமீற்றர் வரையான அளவுடைய துணிக்கைகளையே நனோ துணிக்கை என்கிறோம். அதாவது அவை கலங்களை விடப் பல மடங்கு சிறியவை, கலத்தினுள் இருக்கும் புரதங்களோடு ஒப்பிடத்தக்கவை. கலம் தன் உணவை உள்ளெடுக்கும் வாயில்களாலேயே அவையும் நுழையக் கூடியவை.

நனோ துணிக்கை புதிய பொருளும் அல்ல. விறகடுப்புப் புகையிலும், சாம்பிராணிப் புகையிலும், ஏ9 வீதியில் அக்குறணை நகரைக் கடக்கும் பஸ்களின் டீசல் புகையிலும் அவை கோடிக்கணக்கில் உள்ளன. மனிதன் அவற்றைத் தெரியாமல் சுவாசித்தே வந்திருக்கிறான். அதனால் அவனுக்குப் பாதிப்பு ஏற்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அண்மைக் காலத்தில் வேண்டுமென்றே, ஒரே அளவில், ஒரே வடிவில், தொழிற்சாலையில் செய்யப்படும் துணிக்கைகள் வந்துள்ளன. இவற்றையே வடிவமைக்கப்பட்ட நனோ துணிக்கைகள் என்கிறார்கள். சன் கிறீமில் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் நாகவொட்சைட்டும், துர்நாற்றம் வராத சொக்ஸில் வெள்ளி, விளையாட்டு மட்டைகளில் காபன் நனோகுழாய் என இவை ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டன.

சிறிதாவதால் மட்டும் ஒரு பொருளின் குணம் ஏன் மாற வேண்டும்? இது கணக்குப் பாடத்திலேயே விளங்கும். பக்கம் ஒரு சென்ரிமீற்றரான ஒரு கனத்துக்கு ஆறு முகங்கள், மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதே கனத்தைப் பக்கம் ஒரு நனோமீற்றரான சிறு கனங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீற்றர். திணிவு ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. ஆனால் இரசாயனத் தாக்கம் நடைபெறுவது மேற்பரப்பில்தான். தங்கம் எதனோடும் இலகுவில் தாக்கமுறாத உலோகம் என்று படிக்கிறோம். அதே தங்கம் சில நனோமீற்றர் அளவுக்கு வரும்போது ஊக்கியாகத் தொழிற்படுகிறது, நிறமும் சிவப்பாகிவிடுகிறது. எனவே "தங்கம் பாதுகாப்பானது, ஆகவே நனோ தங்கமும் பாதுகாப்பானது" என்று வாதிட முடியாது. "ஆகவே ஆபத்தானது" என்றும் வாதிட முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கத்தான் வேண்டும்.

மேற்பரப்பின் முக்கியத்துவத்தைக் காட்டிய பழைய ஆய்வொன்று அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1990களில் நடந்தது. குந்தர் ஓபர்டேர்ஸ்டரின் குழுவினர் எலிகளின் நுரையீரலில் தைத்தேனியம் ஈரொட்சைட்டைச் செலுத்தினர். சிலவற்றுக்கு 20 நனோமீற்றர் துணிக்கை, சிலவற்றுக்கு 250 நனோமீற்றர். ஒரே திணிவில் கொடுத்தபோதும் சிறிய துணிக்கைகளே மிக அதிகமான அழற்சியை உண்டாக்கின. ஆனால் அளவை மில்லிகிராமில் அல்லாமல் மேற்பரப்பளவில் குறித்து வரைபு வரைந்தபோது இரண்டு தொகுதிப் புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்து விழுந்தன. மருந்தையும் நஞ்சையும் திணிவால் அளந்தே பழகிய நச்சியலுக்கு இது பெரிய மாற்றம். இந்த ஒரு வரைபைத்தான் எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்தது எனலாம்.

மேற்பரப்பைப் போலவே வடிவமும் முக்கியம். 2008 இல் எடின்பரோவில் கென் டொனால்ட்சன் முதலிய ஆய்வாளர்கள் காபன் நனோகுழாய்களை எலிகளின் வயிற்றுக் குழியினுள் செலுத்தினர். நீண்டு நிமிர்ந்த குழாய்கள் அஸ்பெஸ்ரஸ் நார்களைப் போலவே அழற்சியை ஏற்படுத்தின. குட்டையானவையும் நூலுருண்டை போலச் சுருண்டவையும் அவ்வாறு செய்யவில்லை. எமது உடலில் அந்நியப் பொருளை விழுங்கும் வெண்கலம் ஒன்று, தன்னை விட நீளமான ஊசி ஒன்றை விழுங்க முயன்றால் என்னவாகும்? பாதி விழுங்கிய நிலையில் மாட்டிக்கொண்டு, அழற்சிப் பொருட்களைத் தொடர்ந்து சுரந்துகொண்டே இருக்கும். 2014 இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஒரு குறிப்பிட்ட வகை நனோகுழாயை மாத்திரம் 'மனிதருக்குப் புற்றுநோய் ஏற்படுத்தக் கூடும்' என்ற தொகுதியில் சேர்த்தது. காபன் நனோகுழாய் என்று பெயர் பெற்ற எல்லாவற்றையும் அது சேர்க்கவில்லை.

அஸ்பெஸ்ரஸ் என்றதும் எமது வீட்டுக் கூரைகள் நினைவுக்கு வராமல் இராது. அதன் தீங்கு பல தசாப்தங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் முழு ஊரும் அதன் கீழே குடியிருக்கும்போது கைவிடுவது எவ்வளவு கடினம் என்பதை இலங்கை கண்டது. இறக்குமதியைக் கட்டுப்படுத்த எடுத்த தீர்மானத்தை 2017 டிசம்பரில் அரசாங்கம் பின்போட்டது. அதே மாதத்தில்தான் அஸ்பெஸ்ரஸ் விற்கும் ரஷ்யா எமது தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியிருந்தது. ஒரு பொருள் பரவிய பின் ஆய்வு செய்தால், ஆய்வின் முடிவு மட்டும் போதாமற் போகிறது. பிரித்தானிய ரோயல் சொசைட்டி 2004 இலேயே நனோ பொருட்களைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டு, பாதுகாப்பை முன்கூட்டியே ஆராயுமாறு கேட்டதன் பின்னணியும் இதுவே.

ஆனால் அவசரப்பட்டு அச்சமூட்டுவதும் ஆய்வு ஆகாது. இதற்கு ஒரு மீன் கதை உண்டு. 2004 இல் ஈவா ஓபர்டேர்ஸ்டர் என்ற ஆய்வாளர் புலரீன் எனப்படும், அறுபது காபன் அணுக்களால் ஆன பந்து வடிவ மூலக்கூறுகளை மீன்தொட்டி நீரில் கலந்தார். 48 மணித்தியாலத்தின் பின் மீன்களின் மூளையில் கொழுப்பு ஒட்சியேற்றப்பட்டுச் சேதமடைந்த அடையாளம் காணப்பட்டது. 'நனோ துணிக்கை மீனின் மூளையைத் தாக்குகிறது' என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் புலரீன் நீரில் கரையாது. அதை நீரில் பரவச் செய்ய முதலில் தெத்திரா ஐதரோபியூரான் என்ற சேதனக் கரைப்பானில் கரைத்து, பின்னர் அக்கரைப்பானை அகற்றுவது வழக்கம். 2007 இல் வேறோர் ஆய்வுக் குழு வரிக்குதிரை மீனின் குடம்பிகளை எடுத்து மூன்று விதமாகச் சோதித்தது: கரைப்பான் வழியே தயாரித்த புலரீன், நீரில் நெடுநேரம் கலக்கியே தயாரித்த புலரீன், புலரீனே இல்லாமல் கரைப்பான் மட்டும் பயன்படுத்தித் தயாரித்த நீர். குடம்பிகளைப் பாதித்தவை முதலாவதும் மூன்றாவதும். நீரில் கலக்கிய புலரீன் ஒன்றும் செய்யவில்லை. அக்குடம்பிகளில் குற்றவாளி கரைப்பானின் பிரிகைப் பொருள்.

எமது செய்முறைப் பரீட்சையில் 'கட்டுப்பாட்டுப் பரிசோதனை' என்று ஒரு வரி எழுதிவிட்டு நாம் கடந்து போகிறோம். அந்த ஒரு வரி இருந்ததால்தான் மூன்று ஆண்டுகளாக நிலவிய எண்ணம் திருத்தப்பட்டது. நனோ ஆய்வில் இத்தகைய பொறிகள் நிறையவே உண்டு. கலங்கள் உயிரோடிருக்கின்றனவா என்று பார்க்கப் பயன்படும் ஒரு சாயத்தின் விளைபொருளைக் காபன் நனோகுழாய் தன் மேற்பரப்பில் பிடித்துக்கொள்ளும். நிறம் குறைவாகத் தெரியும். கலங்கள் இறந்துவிட்டன என்று தவறான முடிவு வரும். துணிக்கைகளும் போத்தலில் இருந்தபடியே உடலில் இருப்பதில்லை. குருதியில் சேர்ந்தவுடன் புரதங்கள் அவற்றின் மேல் ஒட்டிப் போர்வை போலாகின்றன. உப்பு நீரில் ஒன்றோடொன்று சேர்ந்து திரள்கின்றன. ஆய்வுகூடத்தில் சோதித்த துணிக்கையும் ஆற்றில் மிதக்கும் துணிக்கையும் ஒரே துணிக்கைதானா என்ற கேள்வி எப்போதும் உண்டு.

தோழியருக்கு அதிகம் சம்பந்தப்பட்ட விடயம் சன் கிறீம். அதிலுள்ள நாகவொட்சைட்டு தோலினூடாக உள்ளே செல்கிறதா என்பதை அவுஸ்திரேலியாவில் பிரயன் கல்சனின் குழு 2010 இல் வெளியிட்ட ஆய்வில் அழகாகச் சோதித்தது. எமது உடலில் ஏற்கெனவே நாகம் இருப்பதால், வெளியிலிருந்து வந்ததை இனங்காண்பது எப்படி? நாகம் 68 என்ற சமதானியைக் கொண்டு கிறீமைத் தயாரித்து, தொண்டர்களுக்குக் கடற்கரையில் ஐந்து நாட்கள் பூசினார்கள். குருதியிலும் சிறுநீரிலும் அச்சமதானி தென்பட்டது. ஆனால் உடலில் இயல்பாக உள்ள நாகத்தோடு ஒப்பிட அது மிகச் சொற்பம். அது துணிக்கையாகப் போனதா, கரைந்து அயனாகப் போனதா என்பதை இம்முறையால் பிரித்தறிய இயலாது. ஆரோக்கியமான தோலில் பூசுவது பற்றி ஐரோப்பிய விஞ்ஞானக் குழு பெரிதாகக் கவலைப்படவில்லை. அது எச்சரிப்பது, தெளிக்கும்போது சுவாசத்தோடு உள்ளே போகக் கூடிய ஸ்பிரே வகைகளைப் பற்றியே. ஏன் என்பது எலிகளின் நுரையீரல் வரைபை நினைத்தால் விளங்கும்.

தைத்தேனியம் ஈரொட்சைட்டு எமக்கு அந்நியப் பொருளும் அல்ல. புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட்டு அதன் மூலப்பொருள். அம்மணல் கப்பலேறிப் போய் வெள்ளைத் தூளாகி, பெயின்ட், பற்பசை, மாத்திரை, இனிப்பு என்று திரும்பி வரும். உணவில் அதன் பெயர் ஈ171. 2021 மே மாதத்தில், இங்கே உரத் தடை பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை ஈ171 ஐ இனிப் பாதுகாப்பானது எனக் கருத முடியாது என்று அறிவித்தது. அதில் ஒரு பகுதி நனோ அளவில் இருப்பதும், அது மரபணுப் பொருளைச் சேதப்படுத்தாது என்று உறுதிப்படுத்த முடியாமையும் அதற்குக் காரணங்கள். 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் தடை செய்தது. கனடாவும் பிரித்தானியாவும் ஏறத்தாழ அதே தரவுகளைப் பார்த்துவிட்டு அந்த முடிவை ஏற்கவில்லை. உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழுவும் 2023 இல் தடை அவசியமில்லை என்ற பக்கமே நின்றது. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. 'தீங்கு இல்லை என்று நிரூபிக்க முடியவில்லை' என்பதைக் கேட்டு ஒருவர் நிறுத்துகிறார், இன்னொருவர் 'தீங்கு நிரூபிக்கப்படவில்லை' என்று தொடர்கிறார். வெறும் நிறத்துக்காகச் சேர்க்கப்படும் பொருள் என்றால் நான் முதலாமவர் பக்கம். டொபி வெள்ளையாக இல்லாவிட்டால் யாருக்கு என்ன நட்டம்?

இனி உரத்துக்கு வருவோம். எமது நாட்டில் நனோ உரம் 2021 இல் விமானத்தில்தான் முதன்முதலாக வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஹோமாகமவில் அமைந்துள்ள இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம், சுருக்கமாக ஸ்லின்டெக், 2008 இல் ஆரம்பிக்கப்பட்டது. அங்கு நில்வலா கொத்தேகொட உள்ளிட்ட எமது விஞ்ஞானிகள் உருவாக்கிய யூரியா நனோ கலவை பற்றிய கட்டுரை 2017 இல் 'ஏ.சி.எஸ். நனோ' என்ற புகழ்பெற்ற ஆய்விதழில் வெளிவந்தது. சாதாரண யூரியாவை வயலில் இட்டால் பெரும்பகுதி பயிருக்குப் போய்ச் சேராமல் அமோனியாவாகப் பறக்கும், அல்லது நீரோடு ஓடும். இவர்கள் ஐதரொட்சி அபடைட்டு என்ற கனியத்தின் நனோ துணிக்கைகளோடு யூரியாவைப் பிணைத்தார்கள். ஆறு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு கனியம். யூரியா மெதுவாக விடுபட்டது. அரைவாசி யூரியாவோடு நெல் விளைச்சல் குறையாமல் இருந்ததாக வயற்பரிசோதனை காட்டியது.

இதில் என்னைக் கவர்ந்தது விளைச்சலை விட அந்தக் கனியத்தைத் தெரிவு செய்த விதம். ஐதரொட்சி அபடைட்டு எமது எலும்பிலும் பல்லிலும் உள்ள அதே பொருள். மண்ணில் அது கல்சியமாகவும் பொசுபேற்றாகவும் மெல்லக் கரையும். தீங்கு வருகிறதா என்று கடைசியில் பார்ப்பதற்குப் பதில், தீங்குக்கு இடம் குறைந்த பொருளை ஆரம்பத்திலேயே எடுப்பது மிகப் புத்தியான வழி.

2021 இல் வந்த திரவம் வேறு வகை. இந்தியாவில் அந்நிறுவனம் அரை லீற்றர்ப் போத்தல் ஒன்று 45 கிலோகிராம் யூரியா மூட்டைக்கு ஈடாகும் என விளம்பரப்படுத்தியது. நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், எனவே மூட்டையில் 20.7 கிலோகிராம் நைதரசன். போத்தலில் 4 சதவீதம், அதாவது 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு. மூட்டையில் பெரும்பகுதி வீணாகிறது, போத்தலில் ஒரு துளியும் வீணாகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு தொன் நெல் விளைய 15 கிலோகிராம் அளவிலாவது நைதரசன் வேண்டும். 20 கிராம் எந்த மூலைக்கு? 2023 இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு விஞ்ஞானிகள் இந்த உரிமைகோரல்களைக் கடுமையாக விமர்சித்து எழுதினர். 'நனோ' என்ற சொல் திணிவுக் காப்பு விதியை மாற்றிவிடாது. இது நச்சுத்தன்மை பற்றிய கேள்வி அல்லதான். ஆனால் பயன் இல்லாத ஒன்றுக்காகச் சிறு ஆபத்தைக்கூட ஏற்க வேண்டியதில்லை என்பதால், மாமாவின் இரண்டு கேள்விகளும் பிரிக்க முடியாதவை. இந்தியா 2020 இல் நனோ விவசாயப் பொருட்களையும் உணவுப் பொருட்களையும் மதிப்பிடுவதற்கான வழிகாட்டல்களை வெளியிட்டது. பயிர், மண்புழு, நீர்வாழ் உயிர், தெளிப்பவரின் நுரையீரல் என எவற்றையெல்லாம் யோசிக்க வேண்டும் என்பதற்கு அத்தகைய ஏற்பாடு எந்த நாட்டுக்கும் தேவை.

கடைசியாக எமது ஊர்ப் பிங்கா ஓயா. மழைக்காலத்தில் அது கடைத்தெருவுக்குள் வருவதை மட்டுமே நாம் பேசுகிறோம். அது கட்டுகஸ்தோட்டைப் பக்கமாக மகாவலியில் கலக்கிறது. மகாவலி பொல்கொல்லையில் திருப்பப்பட்டு வரண்ட வலய வயல்களுக்குப் போகிறது. நாம் சொக்ஸ் கழுவிய நீர் எங்கோ ஒரு நெல்வயலுக்குப் போகும் பாதையில்தான் இருக்கிறது. அரிசோனா அரச பல்கலைக்கழகத்தில் 2008 இல் வெள்ளி சேர்த்த சொக்ஸ் வகைகளைக் கழுவிப் பார்த்தபோது, சில வகைகள் நான்கு கழுவலுக்குள் ஏறக்குறைய முழு வெள்ளியையும் இழந்தன, சில ஒரு சதவீதம்கூட இழக்கவில்லை. பக்ரீரியாவைக் கொல்லும் என்பதற்காகவே சேர்க்கப்பட்ட வெள்ளி, ஆற்றில் போய் மண்ணுக்கும் நீருக்கும் தேவையான பக்ரீரியாவையும் தொடும். கழிவுநீரில் கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளிச் சல்பைட்டாக மாறினால் அதன் வீரியம் பெரிதும் குறையும் என்பது ஆறுதலான செய்தி.

பிங்கா ஓயாவில் இதை ஒருவர் ஆராய விரும்பினால் எப்படிச் செய்வார்? போத்தலில் நீரை அள்ளி வெள்ளியின் செறிவை அளந்தால் மட்டும் போதாது. அது அயனா துணிக்கையா, கொலுசிலிருந்து வந்ததா சொக்ஸிலிருந்து வந்ததா என்று தெரியாது. துணிக்கைகளை ஒவ்வொன்றாகக் கருவிக்குள் அனுப்பி, ஒவ்வொன்றும் தரும் சமிக்ஞையை எண்ணும் திணிவு நிறமாலைமானி முறை இப்போது உண்டு. ஆனாலும் மிகச் சிறியவை அதற்குத் தென்படா. தைத்தேனியத்தில் சிக்கல் வேறு விதமானது, ஏனெனில் அது மண்ணிலேயே இருக்கிறது. வியன்னாவில் மக்கள் குளிக்கும் பழைய டன்யூப் ஏரியில் சன் கிறீமைத் தேடியவர்கள் தைத்தேனியத்தோடு கூடவரும் மூலகங்களின் விகிதத்தைப் பார்த்தார்கள். இயற்கைக் கனியத்தில் அலுமினியம் போன்றவை ஒரு குறித்த விகிதத்தில் இருக்கும். தொழிற்சாலைத் தூள் தூயது. குளிக்கும் காலத்தில் விகிதம் இயற்கையை விட்டு விலகினால் மேலதிகமானது எங்கிருந்து வந்தது என ஊகிக்கலாம்.

எமது ஓயாவிலும் நகருக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று மாதிரி எடுக்க வேண்டும். வெள்ளம் வந்தால் மலையின் சேறு எல்லாவற்றையும் மூடிவிடும், ஆகவே வரண்ட வாரங்களில் ஆரம்பிப்பது நல்லது. சன் கிறீம் பூசிய கையால் போத்தலைத் தொடக் கூடாது. தூய நீர் நிரப்பிய போத்தல் ஒன்றும் கூடவே ஓயாக் கரைவரை போய், அங்கே திறக்கப்பட்டு, மூடப்பட்டு, மற்றவற்றோடு ஆய்வுகூடத்துக்குத் திரும்ப வேண்டும். அதிலும் வெள்ளி இருந்தால், அது ஓயாவின் வெள்ளி அல்ல.